பங்களாவும் விடிலியும்: கால்டுவெல் தம்பதியரின் நாள்முறை குறித்துச் சில குறிப்புகள்

1

கால்டுவெல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு புத்தகம். 1856இல் லண்டனில் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். அந்தப் புத்தகத்தின் பேரில் 1968இல் மெரீனாவில் சிலை வைத்தாயிற்று. 2010இல் தபால்தலை வந்தது. 2011இல் இடையன்குடியில் அவர் குடியிருந்த வீடு அரசு நினைவில்லமாக ஆனது. திராவிட அரசியலின் பெருங்கதையாடலில் அவருக்கென்று நிலையான ஓர் இடமுண்டு. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்: மதம் மாற்ற வந்தவர், இனவாதம் விதைத்தவர், காலனிய ஏவலாள் என்று. இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் முழுசாக ஒத்துப்போகின்றன. இரண்டின் சித்திரத்திலும் இருப்பது ஓர் ஒற்றை ஆண், ஒரு மேசை, ஒரு பேனா. பேனா எதற்காக ஓடியது என்பதில்தான் சண்டை. மேசை யார் வீட்டில் கிடந்தது, அந்த வீடு எப்படி நடந்தது, அதை நடத்தியவர்கள் யார் என்ற கேள்வி இரண்டு பேரிடமுமே கிடையாது.

இடையன்குடி பங்களாவில் ஒருத்தர் மட்டும் வாழவில்லை. 1844இல் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் எலைசா மால்ட்டுக்கும் கல்யாணம் நடந்தது. 1891இல் கால்டுவெல் கொடைக்கானலில் இறக்கும்வரை நாற்பத்தேழு ஆண்டுகள். ஏழு பிள்ளைகள். இதற்கிடையில் இடையன்குடி என்ற தேரிக்காட்டுக் கிராமம் நேர்நேரான தெருக்களும் பள்ளிக்கூடமும் பெரிய கோயிலுமாக மாறிப்போனது. இந்த மாற்றத்தை ‘கால்டுவெல் செய்தார்’ என்று ஒருமையில் எழுதுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த ஒருமை வினைமுற்றுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு மறைந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் ஆவணங்களைப் பற்றி. மிசினரிகளின் அன்றாட வாழ்க்கை பற்றி எழுத்துப் பஞ்சம் கிடையாது. அறிக்கைகள், கடிதங்கள், நினைவுக் குறிப்புகள் என்று குவிந்து கிடக்கின்றன. கால்டுவெல்லின் நினைவுகளையே அவருடைய மருமகன் வயட் 1894இல் பதிப்பித்தார். ஆனால் இந்த எழுத்துகள் யாருக்காக எழுதப்பட்டவை? இங்கிலாந்தில் காணிக்கை போடுகிறவர்களுக்காக. லண்டன் மிசினரி சங்கம் 1844 முதல் சிறுவர்களுக்கென்றே தனிப் பத்திரிகை நடத்தியது; பிள்ளைகளின் சில்லறைக் காசும் சங்கத்துக்கு வேண்டியிருந்தது. காலை ஜெபம், பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்து, கிராமச் சுற்று, மாலைப் பிரசங்கம் என்று ‘மிசினரியின் ஒரு நாள்’ ஒரு வார்ப்பாகவே அச்சாகிக்கொண்டிருந்தது. அன்றாடம் என்பது அங்கே தானாக நடக்கிற விஷயமாக இல்லை. காசு திரட்டுவதற்காகக் கோத்துக் காட்டப்பட்ட ஒரு பிரதி.

இந்தப் பிரதியில் தம்பதியருக்கு வேலைப் பிரிவினை உண்டு. துரை வெளியே போகிறார். அம்மா உள்ளே இருக்கிறார். அவருடையது ‘ஊழியம்’, இவருடையது ‘உதவி’. சங்கத்தின் ஏட்டிலும் அப்படித்தான். மிசினரி என்ற சொல் கணவனைக் குறித்தது. சம்பளம் அவர் பெயரில் வந்தது. பெண்பிள்ளைகள் விடுதி, தையல் வகுப்பு, சபைப் பெண்களைச் சந்திப்பது, பிரசவம் பார்க்கத் துணை போவது எல்லாம் மனைவி என்ற உறவுக்குள்ளேயே அடக்கம். அதற்குத் தனிக்கூலி யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை.

ஆனால் சங்கங்கள் கல்யாணமான மிசினரிகளை விரும்பியதற்குக் காரணம் மனைவி சோறாக்கிப் போடுவாள் என்பது மட்டுமல்ல. தம்பதியே ஒரு பிரசங்கமாக இருந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற புருஷன் பெண்டாட்டி, மணியடித்தால் எழுந்திருக்கிற வீடு, துவைத்த துணி, கணக்கு எழுதிய நோட்டு. ‘கிறிஸ்தவக் குடும்பம்’ என்றால் என்னவென்று விளக்குவதற்கு வேதப் புத்தகத்தைவிடப் பங்களாத் திண்ணை உதவியது. விடுதியில் படித்த பெண்கள் பெரும்பாலும் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள்? உபதேசியார்களுக்கும் பள்ளி வாத்தியார்களுக்கும். அதாவது பெரிய பங்களாவின் பிரதிகளாகச் சின்னச் சின்ன வீடுகள் ஒவ்வொரு கிராமத்திலும் முளைக்க வேண்டும் என்பது திட்டம். ஐயரும் ஐயரம்மாவும் மேலே. உபதேசியாரும் அவர் வீட்டம்மாவும் கீழே. அதிகாரம் பிரம்பாலும் சட்டத்தாலும் மட்டும் இயங்குவதில்லை, எழுந்திருக்கும் நேரத்தையும் தலைவாரும் விதத்தையும் தொட்டு இயங்குகிறது என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. விடுதியில் வளர்ந்த நம்ம பாட்டிமார்களைக் கேட்டாலே போதும்.

3

‘அயல்நாட்டில் ஊழியம் செய்த தம்பதியர்’ என்று எழுதுவது வழக்கம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ராபர்ட் கால்டுவெல் வடக்கு அயர்லாந்தில் அன்ட்ரிம் பகுதியில் 1814இல் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1838 ஜனவரியில் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர். தமிழ் அவருக்கு இருபத்துமூன்று வயதுக்குமேல் உட்கார்ந்து படித்த பாஷை. எலைசா 1822வாக்கில் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா சார்லஸ் மால்ட்டும் அம்மா மார்த்தாவும் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்து, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தெற்குத் திருவிதாங்கூரில் ஊழியம் செய்தவர்கள். ஆக, இந்தத் தம்பதியரில் ஒருத்தருக்குத்தான் இது அயல்நாடு. இன்னொருத்தருக்கு இது பிறந்த மண். ‘தாய்நாடு’ என்று சங்கம் சொன்ன இங்கிலாந்துதான் எலைசாவுக்குக் கதைகேட்ட தேசம்.

அதனால் எலைசா ‘நம்மவர்’ ஆகிவிட மாட்டார். வெள்ளைத் தோலும் பங்களாவும் காலனிய ஆட்சியின் பாதுகாப்பும் அவரைப் பிரித்தே வைத்திருந்தன. அந்த இடைவெளியை மூடி எழுதினால் அது பக்தி இலக்கியமாகப் போய்விடும். ஆனால் மொழி விஷயத்தில் அவர் நின்ற இடம் வேறு. மிசினரி வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் முன்ஷியிடமிருந்து வருவதில்லை. ஆயாவிடமிருந்தும் அடுப்படியிலிருந்தும் விடுதிப் பெண்பிள்ளைகளிடமிருந்தும் வருகிறது. திட்டுவது, கொஞ்சுவது, பேரம் பேசுவது, ஒப்பாரி வைப்பது எல்லாம் சேர்ந்த தமிழ் அது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் செந்தமிழோடு நின்றுவிடாமல் பேச்சு வழக்கையும் சான்றாக எடுத்துப் பேசுகிறது. அதற்குப் பன்னிரண்டு வருஷங்களாக அவர் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், பிள்ளைப் பருவத்திலிருந்தே நாஞ்சில் தமிழ் பேசியவள். ஒப்பிலக்கணத்தில் எந்த வரிக்கு எலைசாவின் காது காரணம் என்று பிரித்துக் காட்ட முடியாது. அப்படிப் பிரித்துக் காட்டத் தேவைப்படாத விதத்தில்தான் ‘ஆசிரியர்’ என்ற கருத்தாக்கமே கட்டப்பட்டிருக்கிறது. அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

4

எலைசா கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்தபோது நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த சீதனம் ஒரு கைத்தொழில். லேஸ் பின்னல். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் 1821இல் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் ஆரம்பித்தது. எலைசா இடையன்குடியிலும் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தி, லேஸ் கற்றுக்கொடுத்தார்.

இந்த வேலை எப்படி நடக்கும்? கெட்டியாக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல் புள்ளி குத்திய மாதிரி அட்டை. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஊசி. நூல் சுற்றிய சிறு மரக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் திண்டிலிருந்து தொங்கும். அதுகளை முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் போட்டு, ஊசியைச் சுற்றி முடிந்துகொண்டே போக வேண்டும். வெளிச்சம் வேண்டும், அதனால் திண்ணை. நூல் வெள்ளை; அதனால் கை சுத்தமாயிருக்க வேண்டும். வேர்வை பட்டால் போச்சு. முதுகு குனிந்து, கண்ணைக் கூர்மையாக்கி, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு சாண் நீளம் வரும். வாங்குகிறவர்கள் இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்துச் சீமாட்டிகளும்.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதார வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் ஹானிட்டன் சுற்றுவட்டாரத்து ஏழைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் லேஸ் பின்னிப் பிழைத்தவர்கள். 1808-09இல் ஜான் ஹீத்கோட் வலைபின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816இல் லௌபரோவில் அவருடைய ஆலையை எந்திர உடைப்பாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். அவர் ஆலையை டெவனிலேயே டிவர்ட்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். கைலேஸ் படுத்துக்கொண்டது. 1840இல் விக்டோரியா ராணி தன் கல்யாண உடைக்கு ஹானிட்டன் லேஸ் கேட்டதே அந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கத்தான் என்று சொல்லப்பட்டது. அங்கே எந்திரத்தோடு மோதி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கைவேலை அதே ஆண்டுகளில் நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் வேர்பிடித்தது. ஆங்கிலேயப் பெண்ணின் கூலிக்குக் கட்டுப்படியாகாத வேலை திருநெல்வேலிப் பெண்ணின் கூலிக்குக் கட்டுப்படியாகும். ‘கைவேலை’ என்ற மதிப்பும் அதற்குக் கிடைக்கும்.

சரி, இது சுரண்டல்தான் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. திருவிதாங்கூரில் 1855வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. மால்ட் அம்மாவின் பள்ளியில் அடிமைப் பெண்பிள்ளைகள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களையே விலைக்கு மீட்டுக்கொண்டார்கள் என்று மிசினரி எழுத்துகள் பதிவு செய்திருக்கின்றன. ஒரு முழம் லேஸுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, தன் உடம்பைத் தானே வாங்கிய பெண்ணின் முன்னால் நம்முடைய கோட்பாட்டுச் சொற்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலில் ஊசியே அரசியலாக இருந்தது. மிசினரி மனைவியர் தைக்கக் கற்றுக்கொடுத்த தளர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு சாணார் பெண்கள் சந்தைக்குப் போனதற்காகத் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1820களில் ஆரம்பித்து, 1859இல் திருவிதாங்கூர் அரசு தோள்மறைப்பதை அனுமதித்து அறிக்கை விடும்வரை நடந்த போராட்டம் அது. எலைசாவின் குழந்தைப் பருவம் அந்தக் கலவரங்களுக்கு நடுவில் கழிந்தது.

ஆனால் அதே ஊசியில் இன்னொரு முனையும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை ஏற்றால், அந்தக் குடும்பம் விரும்பிய பெயரே பிள்ளைக்கு வைக்கப்பட்டது. நாகர்கோவில் வட்டாரத்தில் இது வெகுகாலம் நடந்த பழக்கம். தன்னை மீட்டுக்கொண்ட பெண்ணுக்குத் தன் பெயர் மிஞ்சவில்லை. விடுதலையும் கட்டுப்பாடும் ஒரே நூலில் முறுக்கப்பட்டிருந்தன.

மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நர்சாபூர் லேஸ் தொழிலாளர் பற்றிய ஆய்வை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆந்திரத்தில் கோதாவரி டெல்டாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசினரிகள்தான் ஏழைப் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். நூறு வருஷம் கழித்து அது உலகச் சந்தைக்கான ஏற்றுமதியாக வளர்ந்தது. வியாபாரிகள் ஆண்கள். பின்னுகிறவர்கள் நாள்முழுக்கப் பின்னியும் அவர்களுக்குத் ‘தொழிலாளி’ என்ற பெயர் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது என்று சொல்லிவிட்டார்கள். இதை மீஸ் ‘இல்லத்தரசியாக்கல்’ என்று விளக்குகிறார். இந்தச் சொல்லை இடையன்குடித் திண்ணைக்குக் கொண்டுவந்தால் ஒன்று விளங்கும். லேஸ் பின்னிய பெண்ணின் உழைப்பு ‘பொழுதுபோக்கு’ ஆனது. அதைக் கற்றுக்கொடுத்து, நூல் வரவழைத்து, மாதிரி போட்டு, விலை பேசி, கணக்கெழுதிய எலைசாவின் உழைப்பு ‘உதவி’ ஆனது. கீழே இருந்தவளையும் மேலே இருந்தவளையும் கணக்கிலிருந்து அழித்த ரப்பர் ஒன்றுதான். இரண்டு பேரும் சமம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருத்தி பங்களாவில் சாப்பிட்டாள், ஒருத்தி கூலிக்குக் காத்திருந்தாள்.

5

பங்களாவைச் சுற்றியிருந்த ஊருக்கு இன்னொரு நாள்முறை இருந்தது. பதநீர்ப் பருவத்தில் பனையேறி விடிவதற்கு முன்பே மரத்தில் இருப்பார். காலையில் ஏறிய அத்தனை மரத்திலும் சாயந்தரம் திரும்ப ஏற வேண்டும். பாளையைச் சீவாமல் ஒரு நாள் விட்டாலும் சுரப்பு நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை என்று பனைமரத்துக்குத் தெரியாது. இறக்கிய பதநீரை உடனே காய்ச்சியாக வேண்டும். அது பெண்களின் வேலை. ஓலை வேய்ந்த விடிலிக்குள் புகையில் உட்கார்ந்து, சுள்ளியும் ஓலையும் பொறுக்கி எரித்து, பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. விடிலிப் பெண்ணின் கை கரிபிடித்த கை. திண்ணையில் லேஸ் பின்னும் கை வெள்ளை நூலை அழுக்காக்காத கை. விடிலியிலிருந்து திண்ணைக்கு ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவருவது வெறும் தொழில் மாற்றமில்லை. நேரம் மாறுகிறது, உட்காரும் விதம் மாறுகிறது, தோல் மாறுகிறது, யாருக்குக் கல்யாணம் செய்துகொடுப்பது என்பது மாறுகிறது.

கால்டுவெல் இந்த மக்களைப் பற்றி 1849இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்று ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து வாசகர்களுக்காக எழுதியது. சாணார்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், நாகரிகத்தில் கீழ்ப்படியில் நிற்பவர்கள், யோசிக்கும் திறன் மந்தமானவர்கள் என்கிற தோரணையில் போகிறது அது. நன்கொடை கேட்கிற எழுத்தின் தர்க்கம் இது: மக்கள் எவ்வளவு தாழ்ந்தவர்களாகத் தெரிகிறார்களோ அவ்வளவு உயரமாகத் தெரியும் ஊழியம். ஆனால் தாழ்த்தப்பட்டவர்களுக்கு அதே மிசன் எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. எழுதியது எழுதப்பட்டவர்கள் கைக்கே திரும்பி வந்தது. நாசரேத்தில் உபதேசியாராக இருந்து மிசினரியோடு மோதி வெளியேற்றப்பட்ட சட்டாம்பிள்ளை 1857இல் ஐரோப்பியர் தலைமையே வேண்டாம் என்று தனிச்சபை கண்டார். அந்தக் கோபத்தில் இந்த நூலுக்கும் பங்குண்டு. 1880களில் நாடார் சமூகத்தினர் கால்டுவெல்லைத் திருப்பியழைக்கச் சொல்லி மனுப்போட்டார்கள். நூல் திரும்பப் பெறப்பட்டது. தாங்கள் யார் என்பதைத் தாங்களே எழுதிக்கொள்ளும் அந்த இயக்கம் ஓயவில்லை. 1921இல் அரசு ஏட்டில் ‘நாடார்’ என்ற பெயரையே பதியவைத்தது.

இங்கேதான் நாள்முறை பற்றிய கேள்வி கூர்மையாகிறது. புத்தகம் எழுதிய மேசைக்குச் சில அடி தள்ளி, அதே திண்ணையில், அதே மக்களின் பெண்பிள்ளைகள் சிக்கலான கணக்குள்ள லேஸ் மாதிரிகளை மனசில் வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார்கள். ஜோடி ஜோடியாகத் தொங்கும் கட்டைகளில் எது எதற்கு மேலே போகணும் என்று ஒரு தப்பும் வராமல் பார்த்துக்கொள்கிற மூளை மந்தமான மூளையா? பக்கத்து அறையில் கண்ணுக்கெதிரே இருந்த இந்தச் சான்று புத்தகத்துக்குள் போகவில்லை. காரணம் எளிது. மேசையில் நடந்தது ‘அறிவு’, திண்ணையில் நடந்தது ‘பெண்கள் கைவேலை’. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைப் பங்களா கட்டிய கொத்தனார் வைக்கவில்லை.

6

இடையன்குடிக் கோயில் வேலை 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டையோடு முடிந்தது. முப்பத்துமூன்று வருஷம். கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்துகொடுக்க, உள்ளூர்த் தொழிலாளர்கள் அதைப் பார்த்துக் கல்லிலும் சுண்ணாம்பிலும் வடித்தார்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். 1877இல் அவர் உதவிப் பேராயரானார். 1883இல் ஜாகை தூத்துக்குடிக்கு மாறியது. 1891இல் அவர் உடலைக் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து இந்தக் கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். எலைசா அதற்குப்பின் எட்டு வருஷம் இருந்து 1899இல் இறந்தார். ஒப்பிலக்கணத்துக்கு 1875இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்றும் அச்சில் இருக்கிறது. எலைசாவின் மாணவிகள் பின்னிய லேஸ் எந்தச் சீமாட்டியின் கழுத்தோரத்தில் கிடந்து நைந்தது என்று யாருக்கும் கவலையில்லை. எழுதிய உழைப்புக்கு ஆயுள் கெட்டி. பின்னிய உழைப்பு துணியோடு போய்விடும்.

இதையெல்லாம் பழைய கதையாக மட்டும் படிக்க முடியவில்லை. நம் திருச்சபைகளில் ஐயருக்குச் சம்பளம் உண்டு, மாற்றல் உண்டு, ஓய்வூதியம் உண்டு. ஐயரம்மா பெண்கள் ஐக்கியம் நடத்த வேண்டும், ஓய்வுநாள் பள்ளி பார்க்க வேண்டும், வந்தவர் போனவருக்குக் காப்பி போட வேண்டும், நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கென்று தனிக்கூலி என்ற பேச்சே எழாது. ‘ஐயரம்மாதானே’ என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடும். கோயிலுக்கு வெளியே வந்தால், அதே திருநெல்வேலிச் சீமையில் வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிய பெண்கள் ஆயிரக்கணக்கில். சட்டப்படி தொழிலாளி என்று தங்களைப் பதிவு செய்துகொள்ளவே அவர்கள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! ‘வீட்டில் சும்மா இருக்கும்போது சுத்துறதுதானே’ என்ற வாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு வழி இடையன்குடித் திண்ணைக்கும் போகும்.

கால்டுவெல்லை மறுவாசிப்பு செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இன்னமும் அவருடைய வரிகளுக்குள்ளேயே ஆதரவும் எதிர்ப்பும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது அவசியம்தான். கூடவே இன்னொரு வேலையும் பாக்கியிருக்கிறது. இடையன்குடியில் அரசு பராமரிக்கிற அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் மேசை எங்கே இருந்தது என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. திண்டு எங்கே இருந்தது, அடுப்படி எங்கே, தண்ணீர் யார் சுமந்தது, விடுதிப் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்ல ஏடு கிடையாது. பாட்டிமார்களின் பேச்சு இருக்கிறது. லேஸ் மாதிரி அட்டைகள் ஒன்றிரண்டு எங்காவது பெட்டியடியில் கிடக்கலாம். கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிகள் தேரிக்காட்டில் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அதுகளும் போவதற்குள் கேட்டாகணும்.